தண்ணீர்மலையில் இரண்டாம் மண்டலம்

எனக்கு 52 வயது. 220இல் வயதைக் கழித்தால் உச்ச இதயத்துடிப்பு 168. அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 101 முதல் 118 வரை, இரண்டாம் மண்டலம். உடற்பயிற்சியின் கடுமையை இதயத்துடிப்பை வைத்து ஐந்து மண்டலங்களாகப் பிரிப்பார்கள், அதில் இரண்டாவது இது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கலாம். தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும்.

பினாங்கு தாவரவியல் பூங்காவில் காலையிலேயே புழுக்கம். ஒரே வேகத்தில் நடந்தாலும் துடிப்பு மெல்ல ஏறுகிறது. வியர்வையில் நீர் குறைகிறது. உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கும் ஓடவேண்டும். கைக்கடிகாரத்தில் துடிப்பு 118ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். பின்னால் வரும் பாட்டிமார் முந்திப் போவார்கள், போகட்டும்.

பக்கத்திலுள்ள தண்ணீர்மலை முருகன் கோயில் படிகள் வேறு கதை. 500 படிகளுக்கு மேல், பாதியிலேயே துடிப்பு 150, நான்காம் மண்டலம். வாரம் ஒருமுறை போதும். தைப்பூசக் கூட்டத்தில் மட்டும் அங்கே வேகமாக ஏற வழியே இல்லை.