சார்ட்டில் இல்லாத படம்

"மிஸ், அவன் என் ஃப்ரெண்டு இல்ல. அவன்கிட்டயே சொல்லிட்டேன்."

மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள இரண்டு பையன்களில் பெரியவன் வந்து, சின்னவனைப் பற்றி இப்படிச் சொன்னான். பத்து வயது. ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன். சுவரில் நான் ஒட்டியிருந்த சார்ட்டைக் காட்டினான். நண்பன் முகம் பார்த்துப் பேசுவான், மாறி மாறி விளையாடுவான், உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பான். மூன்று படங்கள்.

"மூணுமே அவன் செய்யல மிஸ்."

நான் சொன்ன பதில் இது: "சரி, அப்ப அவனுக்கும் சொல்லிக் கொடுத்துடுவோம்."

சொன்னதோடு விடவில்லை. மூன்றையும் மறக்காமல் வைத்திருக்கிறானே என்று மகிழ்ந்து, அவனுக்கென்று தனியாக எழுதிய கல்வித் திட்டமான ஐஇபி தாளில் அந்த இலக்குக்கு நேராக டிக் போட்டேன். அந்த டிக்தான் இன்றுவரை உறுத்துகிறது.

அவர்கள் இருவரும் இடைவேளையில் வேப்பமரத் திண்ணையில்தான் இருப்பார்கள். பெரியவன் பஸ் ரூட் சொல்வான். 29சி என்றால் பெரம்பூரில் தொடங்கி ஒவ்வொரு நிறுத்தமாகப் பெசன்ட் நகர் வரை. எட்டு வயதுச் சின்னவன் தண்ணீர் பாட்டில் மூடிகளைச் சிமெண்ட் விரிசலை ஒட்டி வரிசையாக வைப்பான். அவனுக்குப் பேச்சு மிகக் குறைவு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஆனால் கடைசி நிறுத்தம் வந்ததும் சின்னவன் ஒரு மூடியை 'டக்' என்று வைப்பான், அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பெரியவன் அடுத்த பஸ்ஸைத் தொடங்குவான். வரிசை நீண்டு வந்தால் கேட்காமலே காலை நகர்த்திக்கொள்வான். ஒரு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டே, 'அருகருகே இருந்தாலும் சேர்ந்து விளையாடுவதில்லை' என்று எழுதிவந்தவள் நான்.

அதற்காகச் சார்ட்டைக் கிழித்துப் போட வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவரைப் பிடித்துப்போனால் அவர் பையைப் பிடுங்குவதுதான் பெரியவனுக்குத் தெரிந்த வழி. அதற்காக அடியும் வாங்கியிருக்கிறான். ஒரு சூழலில் என்ன செய்யலாம் என்பதைப் பிள்ளைக்குச் சின்னக் கதையாக எழுதிக் காட்டுவது சோஷியல் ஸ்டோரி. அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய அந்த முறையில், 'நானும் வரட்டுமா?' என்று கேட்க அவனுக்கு ஒரு கதை எழுதினேன். இரண்டு மாதம் படித்தோம். அப்புறம் ஒருநாள் அவன் குடியிருப்புப் பையன்கள் பந்து போடக் கொடுத்தார்களாம். அம்மா போனில் அழுதார். அந்த அழுகையை நான் எப்படிப் பொய் என்பேன்?

ஆனாலும் இன்னொன்று இருக்கிறது. டேமியன் மில்டன் ஆட்டிசம் உள்ள ஆய்வாளர். 2012இல் அவர் எழுதியது: ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே புரிதல் அறுந்தால் அது இரண்டு பக்கத்துக் குறை, ஒரு பக்கத்தை மட்டும் திருத்தப் போவது சரியில்லை. இதை நான் முன்பே படித்திருந்தேன். சார்ட் ஒட்டும்போது அது என் நினைவுக்கு வரவே இல்லை. பந்து போடக் கொடுத்த பிள்ளைகளோடு பழக என்ன வேண்டுமோ, அதைத்தான் நட்பின் இலக்கணம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அவர்களோடு பழக அது வேண்டும்தான். திண்ணையில் அது வேண்டியிருக்கவில்லை.

பெரியவன் 'ஃப்ரெண்டு இல்ல' என்று சொன்ன மறுநாள் சின்னவன் மூடிகளை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான். அழவில்லை, கத்தவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் உடன் வேலை பார்ப்பவர். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை.

ஒரு வாரம் கழித்து நான்காவது படம் வரைந்து ஒட்டினேன். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பையன்கள். பெரியவன் வெகுநேரம் பார்த்தான்.

"இது அன்னிக்கு இல்லையே. அப்ப நீங்க சொன்னது தப்பா மிஸ்?"

"தப்புதான்டா."

"அப்ப அவன்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

போய்ச் சொன்னேன். குழாயடியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவன் சொன்னது அவன் தப்பில்லை, என் தப்பு என்று. சின்னவன் என் பக்கம் திரும்பவில்லை. கேட்டானா, கேட்டும் என்னோடு அதைப் பேச விரும்பவில்லையா, எனக்குத் தெரியவில்லை.

மூடி வரிசை இன்னும் குழாயடியில்தான் இருக்கிறது. பெரியவன் திண்ணையில் தனியாக ரூட் சொல்கிறான். பெசன்ட் நகர் வந்ததும் நிறுத்துகிறான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுத்தான் அடுத்த எண்ணைத் தொடங்குகிறான்.