பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண்

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து பயாப்சி அறிக்கை வாங்க வருகிற குடும்பத்தார் முதலில் தேடுவது கட்டியின் அளவைத்தான். புற்றுநோய் மருத்துவர் அதைத் தாண்டி, நிணநீர் முடிச்சுகள் பற்றிய வரிக்குப் போய்விடுவார். அங்கே 0/18 என்றிருக்கும்; அல்லது 3/15. மேலே இருப்பது புற்று பரவிய முடிச்சுகள், கீழே இருப்பது நோயியல் துறையில் நாங்கள் தேடியெடுத்துப் பார்த்தவை. இந்த வேலைக்கு வந்து பழகிய பிறகு என் கண் முதலில் போவது கீழ் எண்ணுக்குத்தான். 0/18-இல் இருக்கும் பூஜ்யமும் 0/4-இல் இருக்கும் பூஜ்யமும் ஒன்றல்ல.

உடலில் ஏறத்தாழ 600 நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் இவற்றில் வடிகட்டப்பட்டு, கழுத்தடியில் ரத்தத்தோடு கலக்கிறது. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அது இந்த வடிகட்டியின் வேலை. புற்றுச் செல்களும் இதே பாதையில்தான் வருகின்றன. பெருங்குடலைப் பொறுத்தவரை ஒரே ஒரு முடிச்சில் அவை தங்கியிருந்தாலும் நோய் மூன்றாம் நிலைக்குப் போய்விடும். கீமோதெரபி கொடுப்பது வழக்கம். எதிலுமே இல்லையென்றால் பலருக்குக் கண்காணிப்பே போதும். ஆனால் ‘எதிலுமே இல்லை’ என்று சொல்லக் குறைந்தது 12 முடிச்சுகளையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட கணக்கு. குறைந்தால், அந்தக் குறைவையே ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக வைத்துக்கொண்டு கீமோ பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள். நான் தேடாமல் விட்டதற்கு நோயாளியின் நரம்பில் மருந்து ஏறலாம்.

அந்தத் தேடல் நடக்கும் இடத்தைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வராது. எஃகு மேசை, வெட்டுப் பலகை, திசு அழுகாமல் காக்கும், எவ்வளவு காற்றோட்டம் வைத்தாலும் கண்ணைக் கரிக்கும் பார்மலின். குடலை ஒட்டிய கொழுப்பைப் பிரித்தெடுத்து, மெல்லிய துண்டுகளாக அரிந்து, ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து நசுக்கிக்கொண்டே போக வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான். ஆனால் இங்கே கண்ணால் பயனில்லை, விரல்தான் பார்க்க வேண்டும். கொழுப்பு வழுக்கிக்கொண்டு விலகும்; முடிச்சு விலகாது, லேசாக எதிர்த்து நிற்கும். அதுவா, ரத்தக்குழாயின் வெட்டுமுனையா என்று வெட்டிப் பார்த்தால் தெரியும்: குழாயில் துளை இருக்கும், முடிச்சின் முகம் சாம்பல் கலந்த பழுப்பில் வழவழவென்றிருக்கும். ஒரு சென்டிமீட்டர் முடிச்சை யாரும் கண்டுபிடித்துவிடலாம். வம்பு மூன்று, நான்கு மில்லிமீட்டரில் இருக்கிறது. புற்று பரவிய முடிச்சுகளில் கணிசமானவை ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறியவை. வீங்கிப் பெருத்து நிற்பது பல நேரம் வெறும் அழற்சியாக இருக்கும். சின்னஞ்சிறியதன் உறைக்கு அடியில் புற்றுச் செல்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும்.

பட்டமேற்படிப்புக்கு வரும் மாணவர்களுக்கு இந்த வேலை பிடிப்பதில்லை. நுண்ணோக்கிதான் அவர்களுக்கு நோயியல். கொழுப்பு பிசைவது தண்டனை. ஒன்பது கிடைத்ததும் “மேடம், இவ்வளவுதான் இருக்கிறது” என்று நிமிர்வார்கள். கொழுப்பை இன்னொரு இரவு பார்மலினில் போடச் சொல்வேன். மறுநாள் அது இறுகியிருக்கும். விரலுக்கு இன்னும் சில தட்டுப்படும். எல்லா நேரமும் அல்ல. மலக்குடல் புற்றுக்கு முன்கூட்டியே கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்திருந்தால் முடிச்சுகள் சுருங்கிவிடும், என்ன பிசைந்தாலும் 12 வராது. அப்போது கிடைத்ததை எழுதி, முன்சிகிச்சை நடந்ததையும் எழுதிவிட வேண்டும். வராத எண்ணை வரவழைப்பதற்காகக் கொழுப்புத் துண்டையெல்லாம் பிளாக்கில் (சீவி நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான மெழுகுக் கட்டி) போட்டு எண்ணிக்கையை ஏற்றுகிறவர்கள்மீது எனக்கு நல்ல எண்ணம் கிடையாது.

கீழ் எண் பெரிதாக இருந்தால்தான் பூஜ்யத்துக்கு மதிப்பு என்ற என் கணக்கை, மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் மாற்றியது. முன்பு அக்குளையே மொத்தமாகச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். பத்துக்கு மேல் எண்ணுவோம். அந்தப் பெண்களில் சிலருக்குப் பின்னாளில் கை வீங்கிப் பாரமாகிவிடும். நிணநீர் வடிய வழி இல்லாமல் போவதால் வருவது. இப்போது தொடக்க நிலை நோயில் மார்பில் நீலச் சாயத்தையோ கதிரியக்கப் பொருளையோ செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் காவல் முடிச்சுகளை மட்டும் எடுக்கிறார்கள். ஆண்குறிப் புற்றுநோயில் 1977-இல் கபானாஸ் என்ற மருத்துவர் முன்வைத்த கருத்து இது. 1992-இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் மார்ட்டன் என்ற அறுவை மருத்துவர் சாயத்தோடு செய்து காட்டினார். நோயாளி மேசையில் மயக்கத்தில் இருக்க, நீலம் பாரித்த முடிச்சு எங்களிடம் வரும். உறையவைத்துச் சீவி, சாயமேற்றி, அரை மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். 0/2 என்றாலும் அதை நம்பலாம். எந்த இரண்டைப் பார்ப்பது என்பதை நிணநீரே காட்டிக்கொடுத்துவிட்டதல்லவா?

கையால் தடவிப் பார்த்துச் சொல்லும் பூஜ்யம்தான் மிகவும் மலிவானது. நாக்கில் சிறிய புற்று. கழுத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனாலும் கழுத்து முடிச்சுகளையும் எடுத்திருப்பார்கள். “கழுத்தில்தான் ஒன்றும் இல்லையே டாக்டரம்மா, அங்கே எதற்குக் கத்தி வைத்தார்கள்?” என்று அறிக்கை வாங்க வரும் மனைவிமார் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இதையே ஆய்வாக நடத்தி 2015-இல் வெளியிட்டது. முதலிலேயே கழுத்தைச் சுத்தம் செய்தவர்களில் மூன்றாண்டு உயிர்பிழைத்தல் 80 சதவீதம். முடிச்சு தலைகாட்டும்வரை காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். விரலுக்கு எட்டாதது ஸ்லைடில் எட்டுகிறது.

தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமா என்று கேலி பேசுவோம். உடம்பில் கட்டும். இடது காறை எலும்புக்கு மேலே வலியில்லாமல் ஒரு கட்டி என்று ஊசிப் பரிசோதனைக்கு வருகிறவருக்குச் சில நேரம் நோய் இரைப்பையில் இருக்கும். வயிற்றுப் பகுதியின் நிணநீர் ஏறிவந்து ரத்தத்தில் சேரும் வாசல் அந்த இடம். விர்ச்சோ முடிச்சு என்று படித்துவிட்டு மறந்திருப்போம். ஸ்லைடில் சுரப்பிப் புற்றுச் செல்களைப் பார்த்ததும் ஞாபகம் வரும்.

கழுத்துக் கட்டியோடு வருகிற இளவயதினர் விஷயம் வேறு. புற்றுநோய் என்று நடுங்கிக்கொண்டு வருவார்கள். நம் ஊரில் பெரும்பாலும் காசநோயாகவோ வெறும் அழற்சியாகவோ முடியும். காசநோயில் முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெட்டினால் உள்ளே வெண்மஞ்சளாகப் பாலாடைக்கட்டிப் பதத்தில் உதிரும். நாட்டு வைத்தியர்கள் கண்டமாலை என்பது இதைத்தான். பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் தீர்ந்துவிடும், அரசு இலவசமாகவே தருகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்று அறிய முடிச்சில் ஒரு துண்டு உப்புக் கரைசலில் தனியாக வர வேண்டும். வராது. முழு முடிச்சையும் பார்மலினில் முக்கி அனுப்பிவிடுவார்கள், அறுவை அரங்குக் கதவில் நாங்கள் ஒட்டிய தாளைக் கடந்துதான் அந்த டப்பா வருகிறது. பார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். அந்தத் துண்டைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் போட்டால் ‘வளர்ச்சி இல்லை’ என்றுதான் வரும், கடைந்தெடுத்த பொய்ப் பூஜ்யம். எங்கள் நுண்ணுயிரியல் துறைக்காரர் அப்படி எழுத மறுத்து, ‘மாதிரி ஏற்கத்தக்கதல்ல’ என்று திருப்பி அனுப்புகிறார். அதற்காக அவரோடு சண்டைக்குப் போகும் மருத்துவர்கள் உண்டு. நான் அவர் பக்கம்.