மணிக்கு எத்தனை பெட்டி?

சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் லீடராக இருக்கிறேன். பகுதிநேர எம்பிஏ படிக்கலாம் என்று அதற்கான ஜிமேட் நுழைவுத் தேர்வு எழுதினேன். கணக்குப் பகுதியில் 21 கேள்வி, 45 நிமிடம், கால்குலேட்டர் கிடையாது. கேள்விக்கு இரண்டு நிமிடம் சொச்சம்தான். இரண்டு இயந்திரம் சேர்ந்து வேலை முடிக்கும் கணக்கு வந்தால் எனக்கு அதிலேயே ஐந்து நிமிடம் போகும். ஒன்று தனியாக 12 மணியில் முடிக்கும், மற்றது 15 மணியில், சேர்ந்தால் எத்தனை மணி என்று கேட்பார்கள். 1/12, 1/15 என்று எழுதி, கூட்டி, கடைசியில் தலைகீழாகத் திருப்ப மறந்துவிடுவேன்.

ஒரு நைட் ஷிஃப்டில் லைனில் நிற்கும் தம்பி கேட்டான்: "அண்ணே, ரெண்டு லைனும் ஓடுனா மணிக்கு எத்தனை பெட்டி வரும்?" அப்போதுதான் உறைத்தது. "மணிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆர்டர்" என்று இங்கே யார் பேசுகிறார்கள்?

அதிலிருந்து பின்னத்தை விட்டேன். 12 மணி, 15 மணி என்றால் மொத்த வேலை 60 பெட்டி என்று வைத்துக்கொள்வேன். இரண்டாலும் வகுபடும் மிகச் சிறிய எண், அவ்வளவுதான். ஒன்று மணிக்கு 5, மற்றது 4, சேர்ந்து 9. 60ஐ 9ஆல் வகுத்தால் 6 மணி 40 நிமிடம்.

இதைப் போடுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. இரண்டுமே 12 மணி இயந்திரமாக இருந்தால் 6 மணி ஆகும். இரண்டுமே 15 என்றால் ஏழரை. விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும். கொடுத்த ஐந்து விடைகளில் பாதி இதிலேயே அடிபடும். இதைத் திருப்பியும் போடலாம். "ஒன்று மற்றதைவிட 5 மணி அதிகம் எடுக்கும், சேர்ந்தால் 6 மணி" என்றால் வேகமானது 12க்குக் கீழே, மெதுவானது 12க்கு மேலே. வேகமானதற்கு 10 வைத்துப் பாருங்கள், மற்றது 15. 30 பெட்டி, மணிக்கு 3ம் 2ம், சரியாக 6. இருபடிச் சமன்பாடே வேண்டாம்.

தொட்டியில் ஓட்டை இருக்கும் கணக்கில் மட்டும் இந்த மதிப்பீடு செல்லாது. அங்கே கழித்தல்.

மாதிரித் தேர்வில் நான் கோட்டைவிட்டது வேறு இடத்தில். அதே இரண்டு இயந்திரமும் 4 மணி ஓடின, வேகமானது பழுதானது, மீதியை மற்றது எத்தனை மணியில் முடிக்கும்? 36 பெட்டி முடிந்தது, 24 மிச்சம், மணிக்கு 4, ஆக 6. நான் முதல் 4 மணியையும் கூட்டி 10ஐ அமுக்கினேன். விடைகளில் 10ம் இருந்தது, வேண்டுமென்றே வைத்ததுதான்! இப்போதெல்லாம் கேள்வியின் கடைசி வரியைத்தான் முதலில் படிக்கிறேன், "மீதி" என்றால் கணக்குப் போடக் கொடுக்கும் பலகையில் பெரிதாக எழுதிவிட்டுத்தான் தொடக்கம்.

இரண்டரை நிமிடம் தாண்டினால் ஏதோ ஒன்றை அமுக்கி, குறி வைத்துவிட்டு நகருங்கள். நேரம் மிஞ்சினால் அந்தப் பகுதியில் மூன்று விடைகள் வரை மாற்ற விடுகிறார்கள்.