செக் போட்டாச்சு, காசு எங்கே? கனடாவில் ‘ஹோல்ட்’

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் சம்பளச் செக்கை வங்கியில் போட்ட கையோடு வாடகை கட்டலாம் என்று நம்பியிருப்பார்கள். கணக்கில் தொகை தெரியும், எடுக்கப் போனால் வராது. கேட்டால் ‘ஹோல்ட்’ என்பார்கள். செக் எழுதியவரின் கணக்கில் உண்மையிலேயே காசு இருக்கிறதா என்று உறுதியாகும்வரை வங்கி அந்தத் தொகையை விடாமல் வைத்திருக்கிறது. காசு எங்கும் போகவில்லை, தொடத்தான் முடியாது.

எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கு மத்திய அரசின் விதியில் வரம்பு உண்டு. 1,500 டொலர் வரையான கனடியச் செக்கைக் கவுண்டரில் நேரே கொடுத்தால் 4 வேலை நாள். மெஷினிலோ, ஃபோனில் படம் எடுத்தோ போட்டால் 5. 1,500 டொலருக்கு மேற்பட்ட தொகைக்குக் கவுண்டரில் 7, மற்ற வழிகளில் 8 வேலை நாள். சனி, ஞாயிறு கணக்கில் சேராது. பலருக்கும் யாரும் சொல்லித்தராத விசயம் இனித்தான் வருகிறது: கணக்குத் திறந்து 90 நாள் ஆகாதவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. கையில் காசு மிகவும் தேவைப்படும் முதல் மூன்று மாதத்தில்தான் வங்கி இன்னும் நீளமாகப் பிடித்துவைக்க இடம் இருக்கிறது. புதியவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

ஆகவே வேலையில் சேரும் அன்றே வங்கியின் டிரெக்ட் டிப்பொசிட் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். சம்பளம் நேரே கணக்குக்கு வந்தால் இந்தக் காத்திருப்பு இல்லை. செக்தான் தருவார்கள் என்றால் கவுண்டரில் கொடுத்து, ‘ஹோல்ட் எப்போது ரிலீஸ் ஆகும்?’ என்று கேட்டுத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திகதிக்கு முன் வாடகைச் செக் எழுதினால் அது திரும்பும். வங்கி தண்டம் அறவிடும், வீட்டுக்காரரிடமும் பெயர் கெடும்.

காஸ் ஸ்ரேசன் (பெற்றோல் நிலையம்) பம்பிலும் இதே சிக்கல்தான். எவ்வளவு அடிக்கப் போகிறீர்கள் என்று பம்புக்குத் தெரியாது. அதனால் கார்டை நுழைத்தவுடன் 100 டொலரோ அதற்கு மேலோ பிடித்துவைக்கலாம். நீங்கள் 30 டொலருக்கு மட்டும் அடித்தாலும், மிச்சம் விடுபடச் சிலவேளை நாட்கணக்காகும். கணக்கில் கொஞ்சமாகக் காசு இருப்பவர்கள் உள்ளே போய்க் காசாளரிடம் ‘30 டொலர்’ என்று சொல்லி முதலே கட்டுவது நல்லது. ஹோட்டலும் வாடகைக் காரும் சில நூறு டொலர் பிடிக்கும். கிரெடிட் லிமிட் 1,000 டொலர் உள்ள புதுக் கார்டில் அது பெரிய தொகை.

‘ஹோல்ட்’ என்ற சொல் காசுக்கு வெளியேயும் வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினால் ‘ஹோல்ட் அண்ட் செக்யூர்’ என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு செய்தி என்றாவது வரலாம். பதற வேண்டாம். ஆபத்து பள்ளிக்கூடத்துக்கு வெளியே. அருகில் பொலிஸ் யாரையாவது தேடிக்கொண்டிருக்கலாம். வெளிக்கதவுகளைப் பூட்டிவிட்டு உள்ளே பாடம் நடத்துவார்கள். யாரையும் உள்ளே விடவும் மாட்டார்கள், வெளியே விடவும் மாட்டார்கள். ஓடிப்போய்க் கதவைத் தட்டினால் நீங்கள்தான் ஆபத்தான இடத்தில் நிற்பீர்கள். அடுத்த அறிவித்தல் வரும்வரை வீட்டிலேயே இருங்கள். ‘லொக்டவுன்’ என்றால்தான் ஆபத்து உள்ளேயோ வாசலிலோ என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஃபோனில் ‘ப்ளீஸ் ஹோல்ட்’ என்றால் லைனை வெட்டாமல் காத்திருங்கள். வெட்டினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். சாப்பாட்டுக் கடையில் பொருள் தலைகீழ்: ‘ஹோல்ட் த பேக்கன்’ என்றால் பேக்கன் (பன்றி இறைச்சிக் கீற்று) போடவே வேண்டாம் என்று பொருள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது உதவும், ஆனால் ‘நோ பேக்கன்’ என்பது இன்னும் தெளிவு. தபால்காரர் பொதியைக் கொடுக்க முடியாமல் கதவில் அறிவித்தல் அட்டை விட்டுப் போனால், அந்தப் பொதி தபாலகத்தில் 15 நாள் ‘ஹோல்ட்’ ஆக இருக்கும். அட்டையையும் படம் உள்ள அடையாள அட்டையையும் கொண்டுபோய் எடுங்கள். தவறினால் ஊரிலிருந்து வந்த பொதி அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.