ஞாயிறா, செவ்வாயா

"சார், இது எங்க உஸ்தாதுக்குப் போகுமா?" என்று வார்டில் படுத்திருந்த அந்தப் பயிற்சிப் பையன் கேட்டான். உஸ்தாது என்றால் பயிற்சி கொடுப்பவர். போகாது என்றேன். யோசிக்கக்கூட இல்லை, படிவத்தில் அச்சடித்திருந்ததைத்தான் வாயால் சொன்னேன்.

ராணுவப் பயிற்சி மையத்தில் சின்னம்மை பரவிக்கொண்டிருந்த நேரம். யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று விசாரித்துப் படிவத்தில் எழுதுவது என் வேலை. வெப்ப நாடுகளில் சின்ன வயசில் அம்மை போடாமலே பதினெட்டு வயசுக்கு வந்துவிடுகிறவர்கள் நிறைய. அப்படிப்பட்ட பையன்களை ஒரே பேரக்கில் படுக்க வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மையத்தின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூம் பதிவேட்டில் இவனுக்குக் கொப்புளம் கண்ட நாள் செவ்வாய் என்று இருந்தது. நான் தமிழில் பேசியதும் அவன் முகம் மாறியது. கொஞ்சம் தயங்கி, பனியனைத் தூக்கி, விலாவில் பக்கு கட்டிப்போயிருந்த இரண்டு கொப்புளங்களைக் காட்டினான். "இது ஞாயித்துக்கிழமையே வந்துடுச்சு சார்." திங்கட்கிழமை ஓட்டத் தேர்வு. படுத்துவிட்டால் ரெலிகேட் செய்து அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள். காய்ச்சல் மாத்திரையை முழுங்கிவிட்டு ஓடியிருக்கிறான்.

இரண்டு நாள்தானே என்று தோன்றலாம். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும். செவ்வாய் என்றால் ஞாயிறிலிருந்து பழகியவர்களைத் தேட வேண்டும், ஞாயிறு என்றால் வெள்ளியிலிருந்து. சனிக்கிழமை அவன் லங்கரில், அதாவது சமையல்கூடத்தில், வேலை பார்த்திருந்தான், கூடவே வேறு கம்பெனிப் பையன்கள் நான்கு பேர். அவர்கள் யார் பட்டியலிலும் இல்லை.

அவன் சொன்னது வியாழன் மாலை. அன்று ராத்திரி தூங்கவில்லை. தொற்று பட்ட 3 நாளுக்குள், மிஞ்சிப்போனால் 5 நாளுக்குள் தடுப்பூசி போட்டால் பலன் உண்டு. சனியிலிருந்து எண்ணினால் வியாழன் ஐந்தாம் நாள். வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அந்த நாள் கழிந்துவிட்டது. அங்கே அந்த ராத்திரியில் ஊசி கிடைத்திருக்காது என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்தான். ஆனால் நான் போய்க் கேட்டுப் பார்க்கவில்லையே.

வெள்ளி காலை மருத்துவ அதிகாரியிடம், "சனிக்கிழமை லங்கரில் இருந்தவர்களைத் தனியாக வைத்துப் பாருங்கள்" என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். கணக்கில் தெரிகிறது என்றேன். பெயர் சொல்லவில்லை, வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் டியூட்டி பட்டியலை எடுத்துப் பார்த்தார். வார்டில் படுத்திருந்தவர்களில் சனிக்கிழமை லங்கரில் இருந்தவன் ஒருத்தன்தான்.

சொல்லாமல் விட்டிருக்க முடியுமா? முடியாது. பெரியவர்களுக்குச் சின்னம்மை நுரையீரலில் இறங்கினால் விளையாட்டில்லை. லங்கரில் இருந்த அந்த நான்கு பேரில் ஒருவனுக்கு இரண்டு வாரம் கழித்து அம்மை போட்டது, தனியாக வைத்திருந்ததால் அவன் பேரக்கில் வேறு யாருக்கும் பரவவில்லை. அப்படியென்றால் நான் செய்தது சரி. சரி என்றால் அவனிடமே முதலில் போய், "தம்பி, இதை நான் சொல்லித்தான் ஆகணும்" என்று ஏன் சொல்லவில்லை?

ஒன்றை அப்புறம்தான் கவனித்தேன். அதற்கு முன் எடுத்த படிவங்களில் காய்ச்சல் தொடங்கிய நாளும் எம்.ஐ. ரூமுக்கு வந்த நாளும் ஒன்று, இரண்டு நாள் தள்ளியிருக்கும். அந்த வெள்ளிக்குப் பிறகு எடுத்த ஒவ்வொன்றிலும் இரண்டும் ஒரே தேதி. வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருத்தனும் எனக்கு உண்மையான தேதியைச் சொல்லவில்லை.

எங்கள் வேலையே அந்தத் தேதியில்தான் நிற்கிறது. அமெரிக்கப் படையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு 1971 முதல், காய்ச்சல் உண்டாக்கும் அடினோவைரஸுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்துவந்தார்கள். தயாரிப்பு நின்று 1999-ல் கையிருப்பும் தீர்ந்ததும் பயிற்சி முகாம்களில் காய்ச்சல் திரும்பி வந்தது. 2011-ல் மாத்திரை மறுபடி வந்ததும் மளமளவென்று இறங்கியது. மாத்திரை வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்தது? காய்ச்சல் என்று வந்து நின்ற பையன்களை வாராவாரம் எண்ணித்தான். வராமல் காய்ச்சல் மாத்திரையை முழுங்கிவிட்டு ஓடுகிறவனை எந்தக் கணக்கிலும் பிடிக்க முடியாது. கட்டில்களுக்கு நடுவே எத்தனை அடி இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து விடலாம். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் முகாம்களில் மூளையுறைக் காய்ச்சல் வந்த காலத்திலிருந்து அதை அளந்துகொண்டுதான் இருக்கிறோம். ரெலிகேட் ஆகிவிடுவோம் என்ற பயத்தை எந்த டேப்பால் அளப்பது? ஓட்டத் தேர்வைப் பத்து நாள் தள்ளி வைக்கலாம், படுத்தாலும் பேட்ச் போகாது என்று உறுதி கொடுக்கலாம் என்று அறிக்கையில் எழுதினேன். அது என்ன ஆனதென்று எனக்குத் தகவல் வரவில்லை.

அவனை அடுத்த பேட்சுக்குத் தள்ளினார்கள். தனிமையில் இருந்த நாட்களுக்கே அது நடந்திருக்கும், என்னால் இல்லை என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம். கடைசியாக அவனைப் பார்த்தபோது இன்னும் இரண்டு கேள்வி பாக்கி இருந்தது. வீட்டில் யாருக்காவது முன்பு அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டேன்.

"தெரியாது சார்" என்றான். ஹிந்தியில் சொன்னான்.