நேட்டால் கூலிக் கப்பலில் போன கொள்ளுத்தாத்தா: தேடல் குறிப்புகள்

ஜனவரி 8

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பனில் இருக்கும் குடும்பம் ஒன்றின் கேள்வி: கொள்ளுத்தாத்தா 1870 வாக்கில் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர், ஊர் எது? முதலில் ஆண்டைச் சோதிக்க வேண்டும். மதராஸிலிருந்து முதல் கப்பல் ‘ட்ரூரோ’ 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1866இல் ஆள் எடுப்பது நின்றது. திரும்பத் தொடங்கியது 1874இல். கடைசிக் கப்பல் 1911. ஆகவே ஒப்பந்தக் கூலியாக 1870இல் வந்திருக்க வழியில்லை. 1860–66, 1874க்குப் பின் என இரண்டு கட்டங்களிலும் தேட வேண்டும்.

ஜனவரி 11

பெயரை வைத்துத் தொடங்காதீர்கள், முதலில் எண்ணைத் தேடுங்கள். ஒவ்வொரு கூலிக்கும் ஓர் எண். வரிசை 1,52,184 வரை போகிறது. கிடைக்கும் இடங்கள்: ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுவிப்புச் சீட்டு, திருமணப் பதிவு (கணவன், மனைவி இருவர் எண்ணும் இருக்கும்), பிள்ளைகளின் பிறப்புப் பதிவு. வீட்டுப் பெட்டியில் மடித்து வைத்த பழைய தாள் எதையும் தள்ளிவிட வேண்டாம். பழைய கையெழுத்தில் 1ம் 7ம், 3ம் 8ம் குழம்பும். இரண்டு விதமாகவும் படித்துத் தேடிப் பாருங்கள்.

ஜனவரி 19

கப்பல் பட்டியலில் ஒரு வரி இப்படி ஓடும்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம். முனிசாமி என்ற பெயர் ஒரே கப்பலில் பல பேருக்கு இருக்கும். தகப்பன் பெயர் ஒத்துவராமல் யாரையும் ஏற்கக் கூடாது. ‘மூன்சாமி’, ‘முனசாமி’ என்று குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முதல் மூன்று எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடினால் வலை அகலும்.

கவெண்டர் (கவுண்டர்), பிள்ளை, நாயுடு, மூட்லி (முதலி) என்று இன்று நிற்கும் குடும்பப் பெயரை நம்பிப் பட்டியலின் சாதிக் கட்டத்தோடு பொருத்துவது ஆபத்து. நேட்டாலில் தகப்பன் பெயரே பல குடும்பங்களுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது.

ஆள் கிடைத்ததும் அந்த வரியோடு நிற்க வேண்டாம். மேலும் கீழும் பத்து வரி படியுங்கள். ஒரே குடும்பத்தாருக்கு அடுத்தடுத்த எண் தந்திருப்பார்கள். அண்ணன், தம்பி, கைக்குழந்தை அங்கேதான் அகப்படுவார்கள். ஆனால் மனைவியின் ஊர் கணவன் ஊர்தான் என்று எழுதிவிடக் கூடாது. கப்பல் ஏறும்வரை ஆட்களைத் தங்கவைத்த மதராஸ் டிப்போவிலேயே சேர்ந்த ஜோடிகள் உண்டு.

ஜனவரி 20

மதராஸில் ஏறியவரெல்லாம் தமிழர் அல்லர். விசாகப்பட்டினம், கஞ்சம் ஜில்லாக்காரர்களும் அங்கிருந்தே போனார்கள்.

பிப்ரவரி 2

கப்பல் பட்டியலில் கிடைத்த வரியில் ஜில்லா ‘வட ஆற்காடு’, தாலுகா ‘சித்தூர்’. வேலூர்ப் பக்கம் போனால் நாள்தான் வீண். 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. இதே ஆண்டில் திருப்பத்தூர் தாலுகா சேலத்திலிருந்து வட ஆற்காட்டுக்கு மாறியது; இன்று அது தனி மாவட்டம். அதனால் ‘சேலம், திருப்பத்தூர்’ என்ற வரியைச் சேலத்தில் தேடக் கூடாது. கப்பல் ஆண்டுக்கு நெருங்கிய ஜில்லா வரைபடத்தில் தாலுகாவைக் குறித்து, பிறகே இன்றைய வரைபடத்தை மேலே வைத்துப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 9

ஊருக்குக் கிளம்பும் முன் நேட்டால் பக்கத்துத் தாள்களை முடித்துவிடுவது நல்லது. தென்னாப்பிரிக்கத் தேசியக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தைத் தேர்ந்து, ‘ஐ.ஐ.’ குறியுள்ள இந்தியர் குடியேற்றத் துறைக் கோப்புகளில் எண்ணையும் பெயரையும் தனித்தனியே இட வேண்டும். முதலாளி மீதான புகார், தோட்ட மாற்றம், திரும்பிப் போக மனு எல்லாம் அங்கே வரும். அட்டவணை தலைப்பை மட்டும் காட்டும்; தாளைப் பார்க்கக் கோப்பு எண்ணைக் குறித்து நகல் கேட்க வேண்டும். சொத்து வைத்துவிட்டு இறந்தவர் என்றால் ‘எம்.எஸ்.சி.இ.’ குறியுள்ள, இறந்தவர் சொத்து பற்றிய நீதிமன்றக் கோப்பில் உள்ள மரண அறிவிப்பு மிக உதவும்: பெற்றோர், பிறந்த இடம், பிள்ளைகள் என்று கேட்டிருக்கும்.

பிப்ரவரி 23

கிராமத்தில் முதலில் கேட்க வேண்டியது குலதெய்வம். நிலமில்லாமல் போனவர் பெயர் நிலப் பதிவேட்டில் வராது; பங்காளிகள் கூடும் கோயிலில் வரிக் கணக்கும் தலைக்கட்டுப் பட்டியலும் இருக்கலாம். தகப்பன் பெயர், பாட்டன் பெயர், குலதெய்வம் மூன்றும் சேர்ந்தால்தான் குடும்ப மரத்தில் கோடு போடலாம். பெயர் மட்டும் பொருந்தினால் பென்சிலால் கேள்விக்குறி இட்டு வையுங்கள்.