ஆய்வகங்களுக்கெல்லாம் ஒரே வரிசைக் கணினி: பெங்களூரில் நாங்கள் செய்த விதம்

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வாங்குவது அந்தந்தப் பேராசிரியர் பாடாக இருந்தது. புராஜெக்ட் பணம் அவர் பெயரில் வரும். மார்ச் 31-க்குள் செலவு காட்டியாக வேண்டும் என்பதால், பிப்ரவரியில் எந்த மாடல் சீக்கிரம் கிடைக்கிறதோ அதை வாங்கிவிடுவார்கள். இப்படியே பல வருடம் ஓடியதில் ஒரே வராந்தாவில் விதவிதமான பெட்டிகள் சேர்ந்துவிட்டன. டிடிஆர்3 வகை ராமுக்கு (நினைவக அட்டை) 240 பின், அடுத்து வந்த டிடிஆர்4-க்கு 288. ஒன்றை மற்றதில் செருக முடியாது. எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) போனால் பக்கத்து மெஷினிலிருந்து கழற்றி மாட்டவும் வழியில்லை, கம்பெனிக்குக் கம்பெனி கனெக்டர் வேறு. உதிரிபாகம் தேடி எஸ்.பி. ரோடு கடைகளில் நாங்கள் அலைந்துகொண்டிருப்போம்; தீசிஸ் எழுத வேண்டிய மாணவர் மெஷின் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நிலைமையை மாற்ற வாய்ப்பு கொடுத்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு ஆதரவு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் முன்பே அறிவித்திருந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் பிராசஸர் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எங்களிடம் இருந்த பழைய மெஷின்கள் பல இதில் தேறவில்லை. எப்படியும் மாற்றத்தான் போகிறோம், மாற்றுவதை ஒழுங்காகச் செய்வோம் என்று கமிட்டியில் கேட்டேன்.

ஒரு பிராண்டை முடிவு செய்து எப்போதும் அதையே வாங்கலாம் என்றார் ஒருவர். அரசுப் பணத்தில் வாங்குவதற்கான பொது நிதி விதிகள் 2017-இல் விதி 166 அதற்கு இடம் தருவதுபோலத் தெரியும்: இருக்கும் இயந்திரத்தோடு பொருந்த வேண்டும் என்றால், தொழில்நுட்ப வல்லுநர் சொல்லி, உரிய அதிகாரி ஒப்புதல் தந்தால், ஒரே நிறுவனத்திடம் வாங்கலாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாதாரண டெஸ்க்டாப்பை நாலு கம்பெனி தரும்போது இந்த விதியைக் காட்டினால் ஆடிட்டில் நிற்காது. விதி 144 ஸ்பெக்கை, அதாவது என்ன தரத்தில் வேண்டும் என்ற விவரத்தை, பொதுவாக, அளந்து பார்க்கும்படி, பிராண்டு பெயர் சொல்லாமல் எழுதச் சொல்கிறது. அந்த ஆண்டு வாங்கும் டெஸ்க்டாப் அத்தனையும் ஒரே மாடலாக வந்துவிட்டால் எங்கள் தேவை தீர்ந்துவிடும். அதற்கு ஒவ்வொருவரும் தரும் இன்டெண்டுகளை (கொள்முதல் கோரிக்கை) சேர்த்து, அரசு கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலில் ஒரே பிட்டாக (ஏலக் கோரிக்கை) போட்டால் போதும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் சரி, கூடவே சில பெட்டிகளை ஸ்பேராக வாங்கி வைத்தால் பவர் சப்ளை, மதர்போர்டு எல்லாவற்றுக்கும் கைவசம் மாற்று இருக்கும்.

அக்கவுண்ட்ஸ் பிரிவு இதற்கு இடம் தரவில்லை. புராஜெக்டுக்கு ஒரு கணக்குத் தலைப்பு இருக்கும்போது எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார்கள். வழி சொன்னவர் எங்கள் ஸ்டோர்ஸில் இருக்கும் அல்சூர்க்கார அண்ணன். "தம்பி, இன்டெண்ட் அவங்கவங்க பேர்லயே வரட்டும். பிட் மட்டும் ஒண்ணாப் போகட்டும். மெஷின் வந்தப்புறம் புராஜெக்ட் வாரியாப் பிரிச்சு ரெஜிஸ்டர்ல ஏத்திக்கலாம்" என்றார். பில்லையும் அதே கணக்கில் பிரிக்கலாம் என்று ஃபைலில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இன்டெண்ட் கேட்கும் மாதத்தை ஆகஸ்டுக்குக் கொண்டுபோனதும் மார்ச் அவசரம் தணிந்தது.

உண்மையான சிக்கல் கருவிகளோடு இணைந்த கணினிகளில் இருந்தது. வேதியியல் ஆய்வகத்தில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது. அதன் கார்டு பழைய பிசிஐ ஸ்லாட்டில்தான் உட்காரும். புது போர்டுகளில் அந்த ஸ்லாட்டே கிடையாது. "சார், தயவுசெய்து இதை மட்டும் தொடாதீங்க" என்று அந்த ஆய்வகத்து மேடம் கேட்டபோது, அவர் பயம் நியாயமானது என்று எனக்குத் தெரிந்தது. கருவி நன்றாக இருக்க, கம்ப்யூட்டருக்காக அதைத் தூக்கிப்போடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இப்படிப்பட்டவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டோம். முதல் வேலையாக ஒவ்வொன்றின் டிஸ்க்கையும் குளோன்ஜில்லா என்ற இலவச மென்பொருளில் முழுப் பிரதி எடுத்தோம். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டதால் இவற்றைப் பொது நெட்வொர்க்கிலிருந்து பிரித்துத் தனி விலேனில் (நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதி) போட்டோம். தரவை வெளியே எடுக்க நடுவில் ஒரு லினக்ஸ் மெஷின். ஃபைல் பகிர எக்ஸ்பிக்கு எஸ்எம்பி1 என்ற பழைய நெறிமுறை மட்டுமே தெரியும். லினக்ஸ் மெஷின் அதை எக்ஸ்பி பக்கத்தோடு நிறுத்தி, பொது நெட்வொர்க் பக்கம் புது நெறிமுறையில் கொடுக்கிறது. பென் டிரைவில் வைரஸ் சுமந்து திரிவது நின்றது. பிசிஐ ஸ்லாட் உள்ள பழைய மதர்போர்டுகளை எஸ்.பி. ரோட்டில் பார்த்தால் வாங்கி வைக்கிறோம். தரப்படுத்த நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஸ்பெக் எழுதுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கழித்த மெஷின்கள் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகின்றன. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் முன்பே கழற்றி, கமிட்டி முன்னால் துளை போட்டுத்தான் அனுப்புகிறோம். வெளியிடாத ஆய்வு முடிவுகள் அதில் இருக்கும்.